மூன்று நாள் தீட்டு

1959 ஆவணியில், அந்தப் பகல் இரண்டு மணிக்கு, மட்டாஞ்சேரி வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர்: நீலகண்டய்யர், மனைவி லோகாம்பாள், தமக்கை அனந்தலக்ஷ்மி, தம்பி வெங்கிடேஸ்வரன், பாத்திரம் தேய்க்கும் மாயம்மாள். தாங்களும் இருந்ததாக வேறு யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

நீலகண்டய்யர் அரிசிப் பண்டகசாலையிலிருந்து அரை நாளிலேயே திரும்பியிருந்தார். கண்கள் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன. தகப்பனார் காரியத்தில்கூடக் கலங்காத கண்கள் அவை.

காரணத்தை வெளியே சொல்ல முடியாது. வாரப் பத்திரிகையில் நான்கு வருஷமாக வந்த மாயாஜாலத் தொடர்கதை அன்றோடு முடிந்துவிட்டது. ராணியை முதுகில் சுமந்து ஏழு கடலும் நீந்திய கிழட்டு ஆமை, அவளைக் கரை சேர்த்துவிட்டுக் கண்ணை மூடிவிட்டது. அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் ஒளிந்து படித்தவர் தேம்பித் தேம்பி அழுதார். "கௌரவமான குடும்பத்தில் இந்தப் பொய்க்கதை நுழையப்படாது" என்று அதே பத்திரிகையை ஒரு காலத்தில் வெந்நீர் அடுப்பில் போட்டவரும் அவர்தான். இப்போது அழுதது தெரிந்தால் வீட்டில் யார் மதிப்பார்கள்?

உள்ளே நுழைந்தபோது எல்லார் தலையும் ஈரமாக இருந்தது. அவர் அதைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டால் தம் கண்ணைப் பற்றிக் கேட்பார்கள்.

அவர் கேட்காமலே லோகாம்பாள் கேட்டுவிட்டாள். "ஏன்னா, கண்ணுக்கு எந்தா பத்தித்து?"

"மிளகாய்ச் சாக்கு அவிழ்ந்துடுத்து."

"அரிசிப் பண்டகசாலையில ஏது மிளகாய்?"

"ஒரு சாவுச் செய்தி," என்றார். அதுவரை பொய்யில்லை.

"ஐயோ, யாராக்கும்?"

"கல்பாத்தி செல்லப்பா மாமா." பொய் இங்கேதான் ஆரம்பம்.

"செல்லப்பா மாமாவா?" என்றான் வெங்கிடேஸ்வரன். "நேத்து போட்ஜெட்டியில எங்கிட்ட மூக்குப்பொடி வாங்கிண்டாரே, அண்ணா."

"இது வேற செல்லப்பா. தூரத்து உறவு. தொண்ணூறு வயசு. கடைசி வரைக்கும் நன்னா நீந்துவார்."

"தொண்ணூறு வயசிலயா?"

"உழைச்ச உடம்புடா. எத்தனை பாரம் சுமந்தவர்," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சாஸ்திரத்தில் கறாரான அனந்தலக்ஷ்மி நிமிர்ந்தாள். "தீட்டு எத்தனை நாள்?"

"மூணு போறும்."

"கடுதாசியைக் காட்டு. உறவுமுறை பார்க்கணும்."

"சாவுக் கடுதாசியை யாராவது வச்சிண்டிருப்பாளா, அக்கா? கிழிச்சு வாசல்ல போட்டாச்சு."

கிழித்தது என்னவோ உண்மை. கதையின் கடைசிப் பக்கத்தைப் பிரிய மனமில்லாமல் மடியில் வைத்துக்கொண்டு வந்தவர், வாசலில் வீட்டாரின் குரல் கேட்டதும் பயந்து கிழித்துப் போட்டிருந்தார்.

வாசல் பக்கம் போயிருந்த மாயம்மாள் உள்ளங்கை நிறையக் காகிதத் துண்டுகளோடு வந்தாள். "சாமி, உங்க மாமா படம் இதுல இருக்கும் போல. முதுகுல ஓடு இருக்கு."

நீலகண்டய்யர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். வேறு வழி தெரியவில்லை. "செரி, எல்லாரும் தலைமுழுகுங்கோ."

"நாங்க அப்பவே முழுகியாச்சுடா," என்றாள் அனந்தலக்ஷ்மி. "வெங்கிடேசு ஏழு மணிக்கே பத்திரிகை கொண்டுவந்துட்டான், எல்லாரும் படிச்சு முடிக்க மத்தியானம் ஆயிடுத்து. நீ ஒருத்தன்தான் பாக்கி."

நீலகண்டய்யர் கிணற்றடிக்குப் போனார். திரும்பி வந்து, விளக்கேற்றும் வரை எல்லாரோடும் உட்கார்ந்து ஆமையைப் பற்றியே பேசினார். ஒரு முறை அழுதார், பல முறை சிரித்தார்.

அந்தக் குடும்பம் ஓர் ஆமைக்காகப் பத்து நாள் தீட்டுக் காத்தது என்று பஜாரில் இன்றும் ஒரு பேச்சு உண்டு. சுத்தப் பொய். பத்து நாள் காக்க ஆமை என்ன பங்காளியா? மூன்று நாள்தான் காத்தார்கள்.