விரியாத குடை

"உயிரே போனாலும் கைத்தடி பிடிக்க மாட்டேன்!"

கண்டக்டர் போட்ட சபதம் அது. அவர் ரிட்டயர் ஆகிவிட்டார். ரோஷம் இன்னும் ஆகவில்லை. முழங்கால் மட்டும் ஓயாமல் லீவு கேட்டுக்கொண்டிருந்தது.

"டாக்டர் சொன்னாருல்ல? தடி வாங்கி வந்து எத்தனை நாளாச்சு!" என்றாள் மனைவி.

"ஓடுற பஸ்ஸுல கம்பியைப் பிடிக்காம நின்னு டிக்கெட் கிழிச்சவன்டி நான்!"

"அப்போ பஸ் ஓடுச்சு, நீங்க நின்னீங்க. இப்போ நடக்க வேண்டியது நீங்களாச்சே!"

கண்டக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஜன்னலோரம் போய் உட்கார்ந்தார். தெருமுனை பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் பழைய டிரைவர் தினமும் வந்து உட்காருவார். அவரைப் பார்த்து மாசக்கணக்காகிறது. தடியோடு போனால் "வாங்க தாத்தா" என்று மானத்தை வாங்குவார். பாவம் கண்டக்டர், தெருவில் ஹாரன் சத்தம் கேட்டாலே கண் கலங்கினார்.

அப்போதுதான் கதவுக்குப் பின்னால் அந்தக் கறுப்புக் குடை கண்ணில் பட்டது. கல்யாணத்துக்கு முன்னால் அவள் அவருடைய பஸ்ஸில் அடிக்கடி மறந்துவிட்டுப் போன நீளக் குடை. வீடு தேடிப் போய்க் கொடுத்துக் கொடுத்தே காதல் வந்தது. "மறதிக்காரியை எப்படி மடக்கினேன் பார்!" என்று இன்றைக்கும் பீற்றிக்கொள்வார்.

ஆஹா! ஊன்றினால் தடி, கேட்டால் குடை!

"வெயில் அடிக்குது. குடை எடுத்துட்டுப் போறேன்."

"தாராளமா," என்றாள் அவள், காய் நறுக்கிக்கொண்டே.

ஏமாந்துட்டா என்று உள்ளுக்குள் சிரித்தபடி கிளம்பினார்.

"டேய், இத்தனை நாளா எங்கடா பிரேக்டவுன்?" என்று டிரைவர் கட்டிக்கொண்டார். பழைய ரூட்டு, பழைய டிப்போ, பாதி வழியில் நின்றுபோன பஸ்கள் என்று பேசிப் பேசி டீ ஆறிப்போனது. திடீரென்று மழை. கண்டக்டர் குடையை விரித்தார். விரியவில்லை. டிரைவர் ஓர் இழு இழுத்தார். துணி தனியாக வந்தது. உள்ளே டாக்டர் சொன்ன கைத்தடி!

டிரைவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு பெஞ்சுக்கு அடியிலிருந்து தன் தடியை எடுத்தார். "வாடா, சேர்ந்தே போலாம் ரைட்!"

கண்டக்டர் சொட்டச் சொட்ட வீடு வந்தார்.

"தடிக்குக் குடைத்துணி தைச்சது நீதானே?"

"குடைன்னு எடுத்துட்டுப் போனது நீங்கதானே?" என்று தலையைத் துவட்டிவிட்டாள்.

துண்டுக்குள்ளே அவருக்குத் திடீரென்று ஒரு சந்தேகம்.

"ஏய்... அந்தக் காலத்துல பஸ்ஸுல குடையை மறந்துட்டு மறந்துட்டுப் போவியே..."

"ஆபீஸ் வாசல்ல ஏறி, வீட்டு வாசல்ல இறங்குறவ. எனக்கு எதுக்குங்க குடை?"