மூன்று தொப்பி ஆட்டக்காரர்

“உங்களிடம் எத்தனை கேப் இருக்கிறது?” என்று இயக்குநர் டேவிஸ் கேட்டபோது, சிறீஸ்கந்தராசா தம் தலையில் இருந்ததைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, “மூன்று” என்றார்.

டேவிஸ் வேல்ஸ் நாட்டுக்காரர். அவர் எழுந்து வந்து கை குலுக்கினார். டெக்சஸ் வெயிலுக்குத் தொப்பி அணிவதில் பாராட்ட என்ன இருக்கிறது என்று சிறீஸ்கந்தராசாவுக்கு விளங்கவில்லை.

பணியாளர் பிரிவிலிருந்த சென்னைப் பெண் ஸ்வர்ணா விளக்கினாள். “டேவிஸுக்கு ரக்பின்னா உயிர். அதுல நேஷனல் டீமுக்கு ஒரு மேட்ச் ஆடினா ஒரு கேப் சார். நீங்க ஸ்ரீலங்காவுக்கு மூணு மேட்ச் ஆடினவர்னு ஆபீஸ் முழுக்கச் சொல்லிட்டாரு.”

அது 2001ஆம் ஆண்டு. ரிச்சர்ட்சன் நகரில் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் ஒவ்வொன்றாக ஆட்களைக் கழித்துக்கொண்டிருந்தன. அவருடைய பிரிவில் இன்னும் ஒருவர் போக வேண்டும். அவரா, பக்கத்து இருக்கையில் இருந்த செல்வராஜ் என்பவரா என்பதே கேள்வி.

“நாளைக்கு உண்மையைச் சொல்லப்போறன்” என்றார் வீட்டில்.

“சொல்லி?” என்றாள் மனைவி வசந்தமலர். “வேலை போனா விசாவும் போச்சு. பேசாமல் இருங்கோ.”

“யாழ்ப்பாணத்தில ஆரப்பா இந்த ரகர், ரக்பி எல்லாம் விளையாடினது? நான் அந்தப் பந்தைத் தொட்டும் பாக்கேல்லை.”

“அது டேவிசுக்குத் தெரியுமோ? சரித்திரத்தைப் படிச்சு வையுங்கோ.”

படித்தார். படித்ததை அலுவலகத்தில் ஒருவரிடம் சொல்லிவிட்டதால், இலங்கை அணியின் வரலாற்றைப் பற்றி மதிய உணவு வேளையில் உரையாற்றும்படி டேவிஸ் பணித்தார். 1950இல் பிரித்தானியத் தீவுகளின் அணி கொழும்பில் இறங்கி, நாற்பத்து நான்குக்கு ஆறு என்று வென்று சென்ற கதையைச் சொன்னபோது, அச்சத்தால் அவர் குரல் நடுங்கியது. டேவிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“சனிக்கிழமை நம் நிறுவனத்தின் ஆட்டத்தில் நீங்களும் இறங்க வேண்டும்.”

“முழங்கால் சரியில்லை.”

வீட்டுக்கு வந்ததும் வசந்தமலர் தலையில் கைவைத்தாள். “இனி நொண்ட வேணுமே.”

திங்கட்கிழமை வலக்காலால் நொண்டினார். மறுநாள் மறதியால் இடக்காலால் நொண்டினார்.

டேவிஸ் அவரை வழிமறித்தார். “இரண்டு முழங்காலும் போயிற்றா?”

ஆம் என்பதைத் தவிர வேறு விடை இல்லை.

“ஒரு நாள்கூட விடுப்புக் கேட்கவில்லையே” என்று டேவிஸ் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

அன்றிரவு, பல வாரங்களுக்குப் பிறகு, சிறீஸ்கந்தராசா நன்றாக உறங்கினார். வெள்ளிக்கிழமை காலை டேவிஸ் அவரை அழைத்து, தலைகுனிந்தவாறே வேலை முடிந்தது என்று தெரிவித்தார்.

மேசையிலிருந்தவற்றை அட்டைப்பெட்டிக்குள் அடுக்க ஸ்வர்ணா உதவினாள். வசந்தமலரிடம் எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

“நான் என்ன பிழை விட்டனான், பிள்ளை?” என்று கேட்டார்.

“பிழையெல்லாம் இல்ல சார். செல்வராஜைத்தான் அனுப்பறதா இருந்துச்சு. ‘அவன் பாவம், உடைஞ்சிடுவான், நாட்டுக்காக ஆடினவர் எத்தனை மிதி வாங்கினாலும் எழுந்துடுவார்’னு டேவிஸ்தான் உங்க பேரை மாத்திச் சொன்னாரு.”