“புத்தகத்தில் இப்படி இல்லை” அண்ணை

உலகத்தில் ஓர் இனம் இருக்கிறது: படம் தொடங்கும் முன்பே, “இதின்ர புத்தகத்தை நான் எப்பவோ வாசிச்சிட்டன்” என்று அறிவிக்கும் இனம். உங்களுக்கு இவரைத் தெரியும். சோபாவில் நடு இடம் இவருக்கு. மிக்சர் கிண்ணம் இவர் மடியில். கதவு திறந்தால் புத்தகத்தில் அது பச்சைக் கதவு. மழை பெய்தால் புத்தகத்தில் வெயில். யாராவது செத்தால், புத்தகத்தில் இன்னும் நன்றாகச் செத்தார். யாரும் கேட்டார்களா? கேட்கும்வரை காத்திருந்தால் அவர் இந்த இனமே இல்லை.

சுவிஸில், பெர்ன் நகருக்குப் பக்கத்திலுள்ள எங்கள் ஓஸ்டர்முண்டிகனில் இந்த இனத்துக்குச் சிவநேசன் அண்ணைதான் சிறந்த மாதிரி.

போன மாரியில் அவரிடம் அகப்பட்டவள் என் பக்கத்து வீட்டுச் சுகந்தி. ஆஸ்பத்திரியில் வேலை. ஜெர்மன் மொழியில் ஒரு நாவலையாவது முழுதாக வாசிப்பது என்று பிடிவாதமாக நூலகத்திலிருந்து ஒரு கொலைக்கதை எடுத்து வந்தாள். கதை நடப்பது அமெரிக்காவில், அமிஷ் என்ற கிறிஸ்தவச் சபை மக்களின் ஊரில். கார் வேண்டாம், மின்சாரம் வேண்டாம், வீட்டில் டெலிபோன் வேண்டாம் என்று குதிரை வண்டியில் போகிறவர்கள். முன்னோர் பலர் இந்த பெர்ன் பக்கத்திலிருந்து போனவர்களாம். அங்கே ஒரு பால்பண்ணைக்காரர் கொலையாகிறார். வேலை இடைவேளையிலும் பஸ்ஸிலும் அகராதியோடு மல்லுக்கட்டி இரண்டு மாதத்தில் முந்நூறு பக்கம் தாண்டிவிட்டாள். கொலையாளியைத் தானே பிடிக்க வேண்டும். அவள் ஆசை அவ்வளவுதான். மீதி நாற்பது பக்கம். ஞாயிற்றுக்கிழமை தொலைக்காட்சியில் அதன் படம். அதற்குள் முடித்துவிடலாம்.

வியாழக்கிழமை அண்ணை தேத்தண்ணி குடிக்க வந்தார். மேசையில் புத்தகம்.

“இதையோ வாசிக்கிறீர் தங்கச்சி? நான் எப்பவோ முடிச்சிட்டன்.”

“அண்ணை, கும்பிட்டுக் கேக்கிறன், ஒண்டும் சொல்லாதேங்கோ.”

“சே, நான் சொல்லுவனோ? ஆனா செத்தவற்ர மனிசி ரெபேக்காவில ஒரு கண் வைச்சுக்கொள்ளும்.”

“ஐயோ, அவளோ செய்தது?”

“நான் சொல்லேல்லையே! கடைசியில சபைக்கு முன்னால முழந்தாளில நிண்டு மன்னிப்புக் கேக்கிறது ஆரெண்டு நீரே பாருமன்.”

சொல்லவில்லையாம்! சுகந்தி புத்தகத்தை மூடி, திருப்பிக் கொடுக்கும் பைக்குள் போட்டாள். தெரிந்த விடைக்கு நாற்பது பக்கம் யார் அகராதி புரட்டுவது?

ஞாயிற்றுக்கிழமை படம் பார்க்கச் சுகந்தி வீட்டுக்கு நானும் போயிருந்தேன். அண்ணை நடுவில். திரையில் ரெபேக்கா வரும்போதெல்லாம் அவருக்கு அர்த்தமுள்ள ஓர் இருமல் வந்தது. சுகந்தியின் கணவர் குணசேகரம் விஷயம் தெரியாமல் இரண்டு தடவை சுடுதண்ணீர் கொண்டுவந்தார்.

முடிவில் போலீஸ் விலங்கு மாட்டியது அந்த ஊர்க் குதிரை வைத்தியருக்கு.

அண்ணை எழுந்தே விட்டார். “பிழை! புத்தகத்தில இப்படி இல்லை!”

அடுத்த காட்சி, சபைக்கு முன் முழந்தாளில் ரெபேக்கா. “பாத்தியளோ!” என்றார். சபை மூப்பர் அவள் குற்றத்தைக் கேட்டார். போலீசுக்குச் சொல்வதற்காகச் சபை விதியை மீறி டெலிபோன் எடுத்தேன் என்றாள் ரெபேக்கா.

சுகந்தி பைக்குள்ளிருந்து புத்தகத்தை இழுத்தெடுத்துக் கடைசி நாற்பது பக்கத்தையும் புரட்டினாள். அங்கேயும் குதிரை வைத்தியர்தான். கடைசிப் பக்கத்தில் ரெபேக்கா முழந்தாளிடுகிறாள். எதற்கு என்பது அதற்கு முந்திய பக்கத்தில்.

“அண்ணை, நீங்கள் கடைசிப் பக்கம் மட்டுமோ வாசிச்சனீங்கள்?”

பதில் வருமுன் இருநூறாம் பக்கத்திலிருந்து ஒரு துண்டுக் கடதாசி விழுந்தது. அந்தப் பக்கம் வந்தபோது அடையாளத்துக்கு அவள் வைத்தது. அதில் அவள் கையெழுத்தில்: ‘குதிரை வைத்தியரோ?’

ஒரு மாதத்துக்கு முன்பே பிடித்துவிட்டிருக்கிறாள். அண்ணையை நம்பித் தன்னை நம்பாமல் விட்டிருக்கிறாள். அந்தக் கடதாசியை அவள் மிக்சர் கிண்ணத்தின் மேல் வைத்தாள்.

அண்ணை அசைந்தாரா? “நான் வேணுமெண்டுதான் மாத்திச் சொன்னனான். இல்லாட்டி உமக்குப் படம் ருசிச்சிருக்குமோ?”

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் உண்மையைச் சொல்லுங்கள்: தலைப்பைப் பார்த்ததும் உங்கள் கண் முதலில் ஓடி வந்தது இந்தக் கடைசி வரிக்குத்தானே? வாருங்கள், அண்ணை கொஞ்சம் தள்ளி உட்காருவார்.