கலர் செட்டிங்ஸில் கை வைத்த கதை

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவனிடம் 'இதைத் தொடாதே' என்று சொல்லவே கூடாது. சொன்னார்கள். தொட்டேன்.

டிஜிட்டல் கேமரா நம் ஊருக்கு வந்த புதிது. தண்டையார்பேட்டையில் ரஹீம் பாயின் ஸ்டூடியோவில் எனக்குக் கம்ப்யூட்டர் வேலை. மாத்தூரில் ஒரு விசேஷத்துக்குக் கிளம்பும்போது பாய் சொன்னார்: "பேபியம்மா பொண்ணு கல்யாணப் படத்த சரி பண்ணி லேபுக்கு அனுப்பிடு நைனா. கலர் செட்டிங்ஸ் பக்கம் மட்டும் போவாத."

பேபியம்மா காசிமேட்டில் மீன் ஏலம் விடுபவர். அவர் விலை கூவினால் நடுக்கடலில் இருக்கும் படகு திரும்பிப் பார்க்கும்.

பாய் தெரு முனை தாண்டுவதற்குள் செட்டிங்ஸைத் திறந்துவிட்டேன். (ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையை அரைகுறையாகப் படித்திருந்தேன்.) படத்தில் எவ்வளவு வண்ணங்கள் இருக்கலாம் என்பதற்குச் சின்ன வரம்பு, பெரிய வரம்பு என்று சில தேர்வுகள். பாய் வைத்திருந்தது இருப்பதிலேயே சின்னது. பேபியம்மா மகளுக்குப் போய் வண்ணத்தில் கஞ்சத்தனமா? பெரியதைப் போட்டேன். அதன்பின் ஒவ்வொரு படமும் 'என் வண்ணம் உன் செட்டிங்ஸோடு ஒத்துப்போகவில்லை, மாற்றட்டுமா?' என்று கெஞ்சியது. 'மாற்று, இனிமேல் கேட்காதே' என்று டிக் அடித்தேன். திரையில் மணப்பெண் தங்கமாக ஜொலித்தாள்.

படத்தைப் பிரிண்ட் போடும் லேப் மெஷினுக்குச் சின்ன வரம்பு மட்டும்தான் புரியும் என்பது எனக்குத் தெரியாது.

ஆல்பம் வந்த அன்றும் பாய் வெளியே போயிருந்தார். பேபியம்மா வந்தார். பிரித்தார். நானும் அப்போதுதான் பார்த்தேன். அரக்குக் கூரைப்புடவை காய்ந்த சேறாகியிருந்தது. எல்லா முகங்களிலும் சாம்பல். மாப்பிள்ளை, கரை ஒதுங்கியவர் போலிருந்தார்.

"எம் பொண்ணு உசுரோட கீறாளா, இல்லியா?"

"இருக்காங்கம்மா."

"அப்ப இது யாரு?"

ஆல்பத்தை மூடப் போனேன். என் கையைத் தட்டிவிட்டார்.

"சாயங்காலம் திருவொத்தியூர்லேர்ந்து சம்பந்தி வூட்டுக்காரங்க ஆல்பம் பாக்க வராங்க. இத்தப் பாத்தா எம் பொண்ண வாழ வெப்பாங்களாடா?"

அவர் கையில் இருந்தது வெறும் ஒயர்கூடைதான். என் கண்ணுக்கு அரிவாள்மணையாகத் தெரிந்தது. "கம்ப்யூட்டர்ல நல்லாத்தாம்மா இருக்கு" என்று திரையைக் காட்டினேன். காட்டியிருக்கக் கூடாது.

"ஆமா, இதுல நல்லாத்தானே கீது? அப்ப இந்தப் பொட்டியையே குடு."

மீன் கூடை தூக்கிப் பழகிய கைகள். அந்தக் கால மானிட்டர், இரண்டு பேர் சேர்ந்து நகர்த்துகிற கனம். அலட்சியமாக மேலே எழுந்தது. மறுமுனையில் ஒயரைப் பிடித்துக்கொண்டு நான் அழும் நிலையில் தொங்கிக்கொண்டிருந்தபோது பாய் உள்ளே வந்தார்.

"யக்கா, கீழ வெய்யி!" பிறகு என் பக்கம் திரும்பி, "செட்டிங்ஸ்ல கை வெச்சியா?"

தலையாட்டினேன். பாய் எல்லாவற்றையும் பழையபடி மாற்றி, புது சிடி எழுதித் தந்தார். ராயபுரம் லேபுக்கு சைக்கிளில் பறந்தேன். மெஷின் துப்பிய முதல் படத்தில் புடவை சிவந்திருந்ததைக் கண்ட பிறகுதான் மூச்சே வந்தது. சம்பந்திகள் வருவதற்குள் புது ஆல்பத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"பழசக் குடுத்துடுங்கம்மா, கிழிச்சுப் போட்டுடறேன்."

"அது இருக்கட்டும்" என்றார் பேபியம்மா. ஏன் வைத்துக்கொண்டார் என்று நினைத்து நினைத்துப் பல மாதம் காசிமேட்டுப் பக்கமே போகவில்லை.

சில வருடங்கள் கழித்து மனைவியோடு அங்கே மீன் வாங்கப் போனேன். பேபியம்மாவின் பேத்தி அவர் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "தோ, இவருதான் அந்தப் பேய்க் கல்யாணத்துக்கு படம் போட்டவரு" என்றார் பேபியம்மா. குழந்தை அலறிக்கொண்டு ஓடியது. அடம் பிடிக்கும்போதெல்லாம் அந்த ஆல்பத்தைக் காட்டித்தான் சோறு ஊட்டினார்களாம்.

என் மனைவி அங்கேயே ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள் போலிருக்கிறது. இன்று எங்கள் மகள் தட்டில் சோற்றை மிச்சம் வைத்தால், "அப்பாவ ஒரு போட்டோ எடுக்கச் சொல்லட்டுமா?" என்று ஒரு வார்த்தைதான் கேட்பாள். தட்டு காலி.