சந்தோசம் இருக்கா என்று கேட்ட பொலிஸ்காரர்

சீருடை போட்ட யாரைக் கண்டாலும் என் கை தானாகக் கும்பிட்டுவிடும். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஊருக்கே தெரிந்த விசயத்தை மறைத்து என்ன பிரயோசனம்? தபால்காரரைக் கும்பிட்டிருக்கிறேன். வங்கி வாசலில் தொப்பியோடு நின்றவரைக் கும்பிட்டு, "உள்ள போகலாமாங்கய்யா" என்று கேட்டு, அவர் போனில் பேசி முடிக்கும்வரை வெயிலில் நின்றிருக்கிறேன். ஒருமுறை கண்டியில் ஒரு துணிக்கடை வாசலில் நீலச் சட்டையும் தொப்பியும் போட்டவரைக் கும்பிட்டேன். அது துணி மாட்டிய பொம்மை. (கடைக்காரப் பிள்ளை பார்த்துவிட்டும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.)

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. மடுல்கெல்லப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருசத்துக்கு மேல் கொழுந்து பறித்தேன். பேச்சு எனக்கு வராது. பஸ்ஸை நிறுத்தச் சொல்லக் கூச்சப்பட்டு, வேறு யாராவது இறங்கும் இடம்வரை போய் இறங்கித் திரும்பி நடந்த தூரத்தையெல்லாம் சேர்த்தால் யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்திருப்பேன். அந்த நடையும் தலை குனிந்தபடிதான். பக்கத்து வீட்டுக்காரர்களை எனக்கு முகத்தை விடச் செருப்பை வைத்து நன்றாகத் தெரியும்.

இப்படிப்பட்ட என்னைத்தான் என் மகள் புவனா தைரியத்துக்காகக் கூட்டிக்கொண்டு போனாள்.

புவனா வத்தேகமயில் த்ரீவீல் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தாள். ஸ்டாண்டில் அத்தனை ஆம்பளைகளுக்கு நடுவில் அவள் ஒருத்திதான் பெண். மழை நாளில் சவாரி கிடைக்காது. கிடைத்தாலும் வரிசையில் அவளைத் தாண்டிக்கொண்டு யாராவது போய்விடுவார்கள். அந்த நேரத்தில்தான் கண்டியில் ஒரு பாலர் பாடசாலைக்கு வேன் ஓட்டப் பெண் சாரதி வேண்டும் என்று கேள்விப்பட்டு எழுதிப் போட்டாள். கூப்பிட்டுவிட்டார்கள். காலை பத்து மணிக்கு இன்டர்வியூ. "ஒரிஜினல் லைசன் கட்டாயம். கொப்பி செல்லாது. அன்றைக்கே ஆளை முடிவு செய்கிறோம்" என்று போனில் இரண்டு தரம் சொன்னார்களாம்.

"அம்மா, நீங்க பின்னால சும்மா இருந்தா போதும். எனக்குத் தெம்பா இருக்கும்" என்றாள்.

சும்மா இருப்பது எனக்குக் கைவந்த கலை. சரி என்று ஏறினேன்.

பாதி வழியில், ஒரு வளைவு தாண்டியதும், வெள்ளைக் கையுறை ஒன்று உயர்ந்தது. பொலிஸ். புவனா ஒழுங்காக இடப்பக்கம் ஓரங்கட்டி நிறுத்தினாள். "ஒண்ணுமில்லம்மா, செக்கிங்தான். ஆடாம உட்காருங்க" என்று திரும்பிப் பார்த்தாள்.

நான் உள்ளே இல்லை. வண்டி நிற்பதற்குள் இறங்கி, ரோட்டோரத்தில் கும்பிட்டுக்கொண்டு நின்றேன். யாரும் இறங்கச் சொல்லவில்லை. பொலிஸ்காரர் புவனாவைப் பார்த்து "லைசன்" என்றார். பதில் சொல்ல வேண்டியது நான்தான் என்று நினைத்து, மடியிலிருந்து என் கிளினிக் புத்தகத்தை எடுத்து நீட்டினேன். அவரும் வாங்கித் திறந்துவிட்டார். என் உடம்பில் சீனி எவ்வளவு என்று தெரிந்துகொண்டு திருப்பித் தந்தார்.

புவனா லைசனைக் கொடுத்தாள். இன்சூரன்ஸ் கொடுத்தாள். எல்லாம் சரியாக இருந்தது. அது அவருக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, வளைவில் வெள்ளைக் கோட்டைத் தாண்டி வந்தாய் என்று சிங்களத்தில் சொன்னார். புவனாவுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. எந்த இடத்தில் தாண்டினேன் சேர், காட்டுங்கள் என்று மரியாதையாகத்தான் கேட்டாள். அந்தக் கேள்விதான் பெரிய குற்றமாகிவிட்டது. அவர் முகம் சிவந்தது. தண்டம் எழுதுகிற புத்தகத்தைத் திறந்து, லைசனை அதற்குள் வைத்து மூடினார்.

எழுதினால் லைசன் அவரிடம். தண்டம் கட்டி, அது திரும்பிக் கைக்கு வர நாட்கள் போகும். பத்து மணிக்கு இன்டர்வியூ. புவனா ஹாண்டிலை விடாமல் போனில் மணியைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். ஸ்டாண்டில் அத்தனை பேரை எதிர்த்து நின்ற பிள்ளை அது.

அந்த நேரத்தில்தான் பொலிஸ்காரர் சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்தார். எங்கள் இருவரில் யார் இளகின ஆள் என்று கண்டுபிடித்துவிட்டார். குனிந்து, என் காதருகில், மெல்லக் கேட்டார்:

"அம்மே... சந்தோசமக் நெத்த?"

என் சிங்களம் கருவாட்டுக்கடைச் சிங்களம். 'நெத்த' என்றால் 'இல்லையா' என்பது கருவாடு வாங்கியே தெரியும். சந்தோசம் நம்முடைய சொல். இரண்டையும் கூட்டிப் பார்த்தேன். சந்தோசம் இல்லையா என்று கேட்கிறார்!

நான் உருகிப்போனேன். இத்தனை வயசில் அதிகாரம் உள்ள யாரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை. தோட்டத்தில் கொழுந்து எத்தனை கிலோ என்று கேட்டார்கள். ஆஸ்பத்திரியில் வயசு கேட்டார்கள். கிராம சேவகர் அப்பா பெயர் கேட்டார். சந்தோசமாக இருக்கிறாயா என்று கேட்ட முதல் மனுசன் இவர்தான்.

"சந்தோசம் சேர்! ரொம்ப சந்தோசம்!" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. காத்திருந்தார். என் முகமும் மலர்ந்தது. நானும் காத்திருந்தேன். இப்படி இரண்டு பேரும் மலர்ந்தபடி கொஞ்ச நேரம் நின்றோம். அவர் என் கையைப் பார்த்தார். நான் அதே கையால் இன்னொரு தரம் கும்பிட்டேன்.

"ஹரி, கோ?" என்றார்.

'ஹரி' என்றால் 'சரி', 'கோ' என்றால் 'எங்கே'. அதுவும் எனக்குத் தெரியும். சந்தோசம் எங்கே இருக்கிறது என்று கேட்கிறார்! சாமியார்கள் கேட்கிற கேள்வியைத் தொப்பி போட்ட ஒருவர் நடுரோட்டில் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. நெஞ்சில் கையை வைத்தேன்.

"இங்கதான் சேர். மனசுல."

இவ்வளவு நல்லவருக்கு விவரமும் சொல்லவேண்டாமா? மகள் இன்டர்வியூ போகிறாள், அவள் சின்ன வயசிலேயே கெட்டிக்காரி, அவளைப் பெற்றதில் எனக்கு எவ்வளவு பெருமை என்று ஆரம்பித்தேன். என் ஆயுளில் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அன்றுதான். அவர் நடுவில் பேசப் பார்த்தார். நான் விடவில்லை. பின்னால் ஒரு மரக்கறி லொறி வந்து நின்றது. அதன் டிரைவர் இறங்கி வந்து கையைக் கட்டிக்கொண்டு கேட்க ஆரம்பித்தார்.

பொலிஸ்காரர் என் இடுப்பிலிருந்த சுருக்குப்பையைத் தாடையால் காட்டினார். வெற்றிலை கேட்கிறார் என்று நினைத்து, ஒரு கொழுந்து வெற்றிலையும் பாக்குத் துண்டும் எடுத்து இரண்டு கையாலும் நீட்டினேன். வாங்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, "பொடி சந்தோசமக் அம்மே, பொடி!" என்றார்.

பொடி என்றால் சின்னது. எனக்கு மனசு நொந்துபோனது. இவ்வளவு சொல்லியும் என் சந்தோசத்தைச் சின்னது என்கிறாரே!

"சின்னது இல்ல சேர்! பெரிய சந்தோசம்!" என்று கத்தினேன். மலையில் கொழுந்துக்காரிகளைக் கூப்பிடுகிற குரல் வந்துவிட்டது. லொறி டிரைவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு டயரோடு சாய்ந்தார். புவனா ஹாண்டிலில் நெற்றியை வைத்துக்கொண்டு, "அம்மா, போதும், வாய மூடுங்க" என்றாள். என்னை வாயை மூடச் சொன்ன முதல் ஆள் அவள்தான். அந்த நிலையிலும் எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

அப்போது மோட்டார் சைக்கிளில் ஒரு இன்ஸ்பெக்டர் வந்து இறங்கினார். எங்கள் பொலிஸ்காரர் கம்பு மாதிரி நிமிர்ந்தார். நான் புதிதாக ஒரு கும்பிடு போட்டேன்.

"என்னம்மா, ஏன் றோட்டில நிக்கிறீங்கள்? பயப்பிட வேண்டாம், சொல்லுங்கோ" என்றார். ஆள் சிங்களவர். பேச்சு அப்படியே யாழ்ப்பாணம். வடக்கில் பல வருசம் வேலை செய்தவராம். தமிழைக் கேட்டதும் எனக்கு மிச்சமிருந்த கூச்சமும் போய்விட்டது.

"பயமெல்லாம் இல்லங்க சேர். இந்தச் சேர் ரொம்ப நல்லவரு. நமக்கு சந்தோசம் இருக்கான்னு மூணு தரம் கேட்டாரு. காதுகிட்ட குனிஞ்சு கேட்டாரு."

லொறி டிரைவர் வானத்தைப் பார்த்தார்.

"மூண்டு தரமோ?"

"ஆமாங்க. மொத தரம் இல்லியான்னு. ரெண்டாந் தரம் எங்கேன்னு. மூணாந் தரம் சின்னதான்னு."

இன்ஸ்பெக்டரின் மீசை ஆடியது. முகத்தைத் துடைக்கிற மாதிரி கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். "நீங்கள் என்ன குடுத்தீங்கள்?"

"வெத்தல குடுத்தேன். வாங்கிக்கலைங்க."

அவர் புவனாவிடம் திரும்பினார். அவள் வண்டியை விட்டு இறங்கி நேராக நின்று சொன்னாள். "மறிச்சாங்க, நிறுத்துனேன். லைசன் கேட்டாங்க, குடுத்தேன். எந்த எடத்துல கோட்டத் தாண்டுனேன்னு கேட்டேன். அதுக்கு லைசன வச்சிக்கிட்டாங்க சேர். பத்து மணிக்கு இன்டர்வியூ. அது இல்லாட்டி எனக்கு வேல இல்ல."

"மறிச்சா நிக்க வேணும், லைசன் காட்ட வேணும். அது சட்டம், நீங்கள் செய்தது சரி" என்றார் இன்ஸ்பெக்டர். "என்ன பிழையெண்டு கேக்கிறதும் உங்கட உரிமை." பிறகு பொலிஸ்காரரிடம் சிங்களத்தில், எங்கே கோடு என்று கேட்டார். அவர் வளைவைக் கைகாட்டினார்.

"சேர், அங்க கோடு இல்லைங்களே" என்றது ஒரு குரல். என் குரல்தான்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வண்டியில் போகும்போதும் நான் தரையைத்தான் பார்ப்பேன். எதிரே வருகிற வண்டிக்காரர் முகத்தைப் பார்க்கக் கூச்சம். அந்த ரோட்டுக்குப் புதிதாகத் தார் போட்டிருந்தார்கள். பாலம்வரை கோடு வந்தது. பாலம் தாண்டியதும் நின்றுவிட்டது. கோட்டோடு பேசிக்கொண்டே வந்தவள் நான், அது என்னை விட்டுப் போனது எனக்குத் தெரியாதா?

"பாலத்துக்கு இந்தப் பக்கம் இன்னும் போடலைங்க. நான் பார்த்துக்கிட்டேதான் வந்தேன்."

இன்ஸ்பெக்டர் நடந்தார். அவர் பின்னால் பொலிஸ்காரர், அவர் பின்னால் நான், புவனா, லொறி டிரைவர். தேர் பின்னால் போகிற மாதிரி போனோம். வளைவில் தார் அடுப்புச் சட்டி மாதிரிக் கறுப்பாகக் கிடந்தது. இன்ஸ்பெக்டர் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார்.

"சேர், இங்க ஒண்ணு வெள்ளையா இருக்கு!" என்று கத்தினார் லொறி டிரைவர். ஓடிப்போய்ப் பார்த்தோம். காக்கை போட்ட எச்சம்.

அதற்குப் பிறகு இன்ஸ்பெக்டர் கைக்குட்டையைத் தேடவில்லை. வாய்விட்டே சிரித்தார். சிரித்து முடித்ததும் முகம் மாறியது. பொலிஸ்காரரிடம் மெதுவாக நாலு வார்த்தை சொன்னார். என்ன என்று எனக்குப் புரியவில்லை. கருவாட்டுக்கடையில் அந்த வார்த்தைகள் வருவதில்லை. பொலிஸ்காரர் புத்தகத்தைத் திறந்து, லைசனை எடுத்து, நான் வெற்றிலை நீட்டின மாதிரியே இரண்டு கையாலும் புவனாவிடம் நீட்டினார். இன்ஸ்பெக்டர் அந்தப் பொலிஸ்காரருடைய இலக்கத்தை ஒரு தாளில் எழுதி, "முறைப்பாடு குடுக்க விருப்பமெண்டா இதை வச்சிருங்கோ" என்று தந்தார். என்னைப் பார்த்துக் கும்பிட்டார். சீருடை ஒன்று என்னைக் கும்பிட்டது. எனக்கு என்ன செய்வதென்று தெரியாமல் கிளினிக் புத்தகத்தை எடுத்து நீட்டிவிட்டேன்.

வண்டி கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும் புவனா கேட்டாள், "அம்மா, அவரு என்ன கேட்டாருன்னு ஒங்களுக்கு நெசமாவே வெளங்கலியா?"

"சந்தோசம் கேட்டாரு."

"அது லஞ்சம்மா! சிங்களத்துல லஞ்சத்தத்தான் நைசா சந்தோசம்பாங்க!"

எனக்குக் காது வரைக்கும் எரிந்தது. "அடியே, மனசுல இருக்குன்னு சொன்னேனேடி!" என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். அவள் சிரித்த சிரிப்பில் வண்டி ஆடியது. ஓரமாக நிறுத்திச் சிரித்து முடித்துவிட்டு மறுபடி எடுத்தாள். எப்படியோ பத்து நிமிசம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தோம்.

இன்டர்வியூவில் கேட்ட கேள்வி என்ன தெரியுமா? பிள்ளைகள் வேனில் இருக்கும்போது பொலிஸ் மறித்தால் என்ன செய்வீர்கள் என்று. மற்றவர்கள் யோசித்துச் சொன்னார்களாம். புவனா அன்று காலையில் செய்ததையே சொன்னாள். ஓரமாக நிறுத்துவேன், கேட்டதைக் கொடுப்பேன், குற்றம் என்னவென்று மரியாதையாகக் கேட்பேன், பிள்ளைகளை இறங்க விடமாட்டேன். (கடைசியில் சொன்னது என்னை நினைத்து.) வேலை அவளுக்குத்தான் கிடைத்தது.

அந்த லொறி டிரைவர் நம் ஊர்க்காரர் என்பது பிறகுதான் தெரிந்தது. வாரம் முடிவதற்குள் வத்தேகம மார்க்கெட் முழுவதும் கதை பரவிவிட்டது. இப்போது சொந்தத்தில் யார் தூரப் பயணம் கிளம்பினாலும் வாசலில் வண்டியை நிறுத்திக் கூப்பிடுகிறார்கள். "பெரியம்மா, சும்மா பின் சீட்டுல வந்து உட்காருங்க. டயர் பஞ்சரானா ஸ்பெயார் இருக்கு, பொலிஸ் மறிச்சா நீங்க இருக்கீங்க" என்று. இதன் புண்ணியத்தில் நுவரெலியா பார்த்தேன், திருகோணமலை பார்த்தேன், கடலில் கால் நனைத்தேன். வெற்றிலை, பாக்கு, கிளினிக் புத்தகம் எல்லாம் மடியில் தயாராக வைத்துக்கொண்டுதான் ஏறுகிறேன். இத்தனை பயணத்திலும் ஒரு பொலிஸ்காரர்கூட எங்களை மறிக்கவில்லை. என்னுடைய ஒரே குறை அதுதான்.