எல்லா நோயும் வந்த அண்ணாவியார்

மன்னார்க் கரையில் அண்ணாவியாருக்கு வராத நோய் கிடையாது. இழுப்பு, மூட்டுவாதம், மஞ்சட்காமாலை எல்லாம் வந்தன. ஒரு செவ்வாய்க்கிழமை பிரசவ வலிகூட வந்தது. ஆனால் மனிதர் தன் ஆயுளில் ஒருநாள்கூடக் காய்ச்சலென்று படுத்ததில்லை.

கூத்துப் பழக்குகிறவரை எங்கள் பக்கம் அண்ணாவியார் என்போம். அவருடைய சொந்தப் பெயர் பங்குச் சாமிக்காவது தெரியுமோ என்னவோ. போர் முடிந்து, முசலிப் பக்கம் எங்கள் ஊர் மீள்குடியேறிய புதிது அது. தகரக் கொட்டில்களும் பாதி எழும்பிய கோயிலும் இருந்தன. டொக்டர் மட்டும் இல்லை. செவ்வாய்தோறும் தாதி ஒருவர் வந்து பொதுமண்டபத்தில் ஒரு லப்டொப் வைப்பார். கொழும்பிலிருக்கும் டொக்டர் அதற்குள் தோன்றி, "வணக்கம்" என்பார். ஊரே வாயைப் பிளந்தது. கிழவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அவருக்கு முன்னால் போனார்கள்.

சிக்கல் டொக்டரிடம் இல்லை, எங்களிடம்தான். அகதி முகாமில் எங்களை எத்தனை தரம் படம் பிடித்திருப்பார்கள்! பதிவுக்கு ஒன்று, நிவாரண அட்டைக்கு ஒன்று. கமராவைக் கண்டால் முதுகை நிமிர்த்தி, மூச்சைப் பிடித்து, ஆடாமல் அசையாமல் இருப்பது இரத்தத்தில் ஊறிவிட்டது. வாசல்வரை இருமிக்கொண்டு வந்தவருக்குத் திரைக்கு முன்னால் இருமலே வராது.

"என்ன செய்யுது ஐயா?"

"ஒண்டுமில்லை டொக்டர்."

பாவம், டொக்டரின் கண்ணுக்கு ஊர் முழுக்கச் சுகதேகிகள்.

இதைப் பொறுக்காமல்தான் அண்ணாவியார் களத்தில் இறங்கினார். வாசலில் நின்று ஒவ்வொருவரும் வருகிற நடையைப் பார்ப்பார். பிறகு கமராவுக்கு முன்னால் பாய்வார். "உவர் சும்மா சொல்லுறார் டொக்டர். வந்த விதத்தை நான் ஆடிக் காட்டுறன், பாருங்கோ!" அவர் இருமினால் தகரம் அதிரும். பிரசவ வலி ஆடிய அன்று டொக்டரே பதறி, "முதல்ல அவரைப் படுக்க வையுங்கோ!" என்று கத்தினார்.

ஒரு செவ்வாய் என் அம்மா சீனி வருத்தத்துக்கு மருந்து கேட்க வந்தார். கோயிலுக்குப் போகிற சேலை, எண்ணெய் வைத்து வாரிய தலை, படத்துக்கு வைக்கிற சிரிப்பு.

"வேற ஏதும் கரைச்சல் இருக்கோ அம்மா?"

"கர்த்தர் கிருபையால ஒண்டுமில்லை."

"பொறுங்கோ டொக்டர்!" என்றார் அண்ணாவியார். அன்று அவர் சத்தம் போடவில்லை. வாசலுக்குப் போய் என் அம்மாவாகத் திரும்பி வந்தார். நாலடி நடந்ததும், வேலியோர ஆட்டுக்குட்டியைப் பார்க்கிற சாட்டில் இளைப்பாற நின்றார். கை மெல்ல நெஞ்சுக்குப் போனது. பிறகு இடது தோளைத் தடவி, தாடையைப் பிடித்தார். இல்லாத முந்தானையால் வேர்வையை ஒற்றி, சிரித்துக்கொண்டே வந்து பக்கத்துக் கதிரையில் அமர்ந்தார். அது அவரில்லை, என் அம்மாவேதான்.

டொக்டர் திரைக்குக் கிட்டே வந்தார். "அம்மா, உண்மையா இப்பிடியோ வந்தனீங்கள்?"

அம்மா தலையைக் குனிந்து, "ஓம்" என்றார்.

"ஆளை ஒரு அடியும் நடக்க விடாதேங்கோ. நெஞ்சு வருத்தந்தான். உடன அம்புலன்ஸ்!"

தங்கச்சி அம்மாவோடு ஏறினாள். அம்புலன்ஸ் மன்னாருக்குப் பறந்தது. எங்கள் ஊரில் போனுக்கு சிக்னல் கிடைப்பது மண்டபத்தில் மட்டும்தான் என்பதால் நான் அங்கேயே நின்றேன். அண்ணாவியாரோ நெஞ்சில் வைத்த கையை எடுக்காமல் அதே கதிரையில் இருந்தார்.

"கூத்து முடிஞ்சுது அண்ணாவியார், எழும்புங்கோ," என்றார் தாதி.

"எப்பிடிப் பிள்ளை எழும்புறது? அங்க ஆள் இன்னும் எழும்பேல்லையே."

தேத்தண்ணி கொடுத்தோம், தொடவில்லை. சனம் கலைந்துபோனது. பொழுது சாயத் தங்கச்சியின் அழைப்பு வந்தது. "அண்ணா, அம்மா கண் முழிச்சிட்டா. தண்ணி கேட்டவா."

உரக்கச் சொன்னேன். அண்ணாவியார் நெஞ்சிலிருந்து கையை எடுத்தார்.

"எனக்கும் கொஞ்சம் தண்ணி தாங்கோ தம்பி."

செம்பை இரண்டு கையாலும் பிடித்து, மிடறு மிடறாகக் குடித்தார். அவர் குடித்து முடிக்கும்வரை நான் என் அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.