ஐந்து மணி நேர ஆகாயப் பயணம்

லாகோஸிலிருந்து ஒபியாகு நகரம் நானூற்று ஐம்பது கிலோமீட்டர். விமானத்தில் ஐம்பத்தைந்து நிமிடம். ஆனால் நான்கு மணி நேரத் தாமதம் இல்லாமல் எந்த விமானமும் அங்கே போய்ச் சேர்ந்ததில்லை. பயணிகளின் இன்னலைக் கருணையோடு பரிசீலித்த மேலிடம், உயர்மட்டக் குழு அமைத்துப் பதினோரு மாதம் ஆராய்ந்து, தாமதத்தை அடியோடு ஒழித்தது. பயண நேரம் இனி ஐந்து மணி என்று ஆணை வந்தது.

ஆணை அமலுக்கு வந்த அன்றுதான் ஒபியாகுவில் எனக்குக் கல்யாணம். பகல் பன்னிரண்டுக்கு மணப்பெண் ஒலுச்சி கள் கோப்பையை ஏந்திக்கொண்டு கூட்டத்தில் என்னைத் தேடி வருவாள். அவள் கொடுத்து நான் குடித்தால்தான் கல்யாணம். நான் அங்கே இல்லையென்றால் ஊர் முன்னால் அவள் கோப்பையோடு நிற்பாள். அதற்குப் பிறகு எந்த முகத்தோடு பெண் கேட்பது?

தாமதம் ஒழிந்தது என்ற செய்தியை மட்டும் நம்பி, அன்று காலைப் பத்து மணி விமானத்துக்கு டிக்கெட் வாங்கியிருந்தேன். என் கெட்ட நேரம், அது சொன்னபடி பத்து மணிக்கே கிளம்பிவிட்டது. பத்து ஐம்பத்தைந்துக்கு இறங்கி நின்றது. வழக்கம்போல எல்லோரும் கைதட்டினோம். கதவு திறக்கவில்லை.

"பெல்ட்டைக் கழட்டாதீங்க சார்," என்றாள் பணிப்பெண். "நாம இன்னும் வந்து சேரல."

"ஜன்னல்ல பாரும்மா. தரையில நிக்குது."

"நிக்குது சார். ஆனா வரல."

நான் போட்ட கூச்சலில் நிலைய அதிகாரி அக்பான் கதவை ஒரு சாண் திறந்து தலையை நீட்டினார்.

"ஓகா, ஐயா, இன்னிக்கு எனக்குக் கல்யாணம்," என்றேன்.

"வாழ்த்துகள். மூணு மணிக்கு வந்து சேர்ந்ததும் போங்க. சீக்கிரம் வரணும்னா ஏழு நாள் முன்னாடி மனு போடணும்."

"சீக்கிரம் வருவோம்னு ஏழு நாள் முன்னாடி எப்படித் தெரியும்?"

"அதனாலதான் இதுவரைக்கும் ஒருத்தரும் போடல."

"ஒரு போனாவது பண்ணிக்கிறேன்."

"பறக்கும்போது போன் பேசக் கூடாது. படிச்சவரா தெரியறீங்க."

கதவு மறுபடி சாத்தப்பட்டது. நான்கு மணி நேரம் ஒலுச்சியின் கையிலிருந்த கோப்பையையே நினைத்துக்கொண்டு தரையில் பறந்தேன்.

சரியாக மூன்று மணிக்குக் கதவு திறந்தது. காலையில் தட்டியதைவிடப் பலமாகக் கைதட்டினார்கள். "சொன்ன நேரத்துக்கு வந்து சேர்ந்த விமானத்தை இப்பத்தான்யா பாக்கறேன்," என்று பக்கத்து சீட்டுப் பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெட்கம்தான், நானும் தட்டினேன்.

டாக்சி பிடித்து, என்னென்ன சொல்லிக் காலில் விழுவது என்று ஒத்திகை பார்த்தபடியே பெண் வீட்டு வாசலில் போய் இறங்கினேன். பந்தல் பாதிதான் எழும்பியிருந்தது. விருந்துக்கான ஆடு புல் மேய்ந்துகொண்டிருந்தது. ஒலுச்சி தலை முழுக்க முடி சுருட்டும் உருளைகளோடு எட்டிப் பார்த்தாள்.

"பத்திரிகையில பன்னெண்டுன்னு போட்டா ஆறு மணிக்கு மேலதான்னு தெரியாதா உனக்கு? சொல்லாம கொள்ளாம இவ்வளவு சீக்கிரமா வந்து நின்னா நாலு பேர் என்ன நினைப்பாங்க? போய் டாக்சியிலயே உக்காரு. நீ இன்னும் வரல."

போய் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டேன்.